ஆவணிக்குப் பதில் வந்த பதினாறு பக்கங்கள்

யுவ வருஷம், அதாவது 1995இல், நாணற்குறிச்சிக்கு ஆவணி மாதம் வரவில்லை. அதற்குப் பதிலாகப் படக்கதை ஒன்றின் பதினாறு பக்கங்கள் வந்தன. ஆடி வழக்கம்போல் முடிந்தது. மறுநாள் காலை ஊர் கறுப்பு வெள்ளையாக இருந்தது. தாமிரபரணி ஏழெட்டுக் கோடுகளாக ஓடியது. ஆற்றங்கரை அரசமரத்தில் நிழல் விழும் பக்கம் மட்டும் நெருக்கமாகக் குறுக்குக்கோடு போட்டிருந்தது. ஆறரை மணிக்கு முகமூடி அணிந்த மூவர் குதிரைகளில் மேலத்தெரு வழியாகப் போனார்கள். பால் செம்போடு நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அன்று பாலில் தண்ணீர் அதிகம் என்றும் ஒரு புகார் உண்டு.

காரணம் எளிமையானது. சிவகாசியில் ஒரு சிறிய அச்சகம் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தையும் செம்பருந்து காமிக்ஸின் ஐம்பத்தெட்டாவது இதழையும் ஒரே வாரத்தில் அச்சடித்தது. ஒரே தாள், ஒரே அளவு. பதினாறு பக்க மடிப்பை அச்சகக்காரர்கள் பாரம் என்பார்கள். நாற்பது பிரதிகளில் மூன்றாம் பாரம் இடம் மாறிவிட்டது. பஞ்சாங்கத்தின் ஆவணிப் பக்கங்கள் காமிக்ஸுக்குள் போயின. காமிக்ஸின் 33ஆம் பக்கம் முதல் 48ஆம் பக்கம் வரை பஞ்சாங்கத்துக்குள் வந்தன. அந்த நாற்பது பஞ்சாங்கங்களும் ஒரே கட்டாக நாணற்குறிச்சிக்கு வந்து சேர்ந்தன. ஊரில் பஞ்சாங்கம் வாங்கும் வீடுகளும் நாற்பதுதான். புரோகிதரான வைத்தி வாத்தியார் வைகாசியிலேயே அந்தப் பக்கங்களைப் பார்த்தார். ஏதோ விளம்பரம் என்று நினைத்தார். ஆவணியில் முகூர்த்தம் கேட்டு வந்தவர்களிடம், "ஆவணி ஒண்ணும் சரியில்லை, தையில வெச்சுக்கோங்கோ" என்று சொல்லி அனுப்பினார்.

என்ன நடக்கிறது என்று முதலில் புரிந்துகொண்டவன் முகுந்தன். வயது முப்பது. பி.எஸ்ஸி. படித்தவன். அம்பாசமுத்திரத்தில் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர். ஒன்பது வருஷமாக வெளிவரும் ஒவ்வொரு காமிக்ஸுக்கும் விமர்சனம் எழுதிவந்தான். கதைக்கு ஒரு தபால் அட்டை, ஓவியத்துக்கு ஒரு தபால் அட்டை. இரண்டும் மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருந்த அலி அஸ்கருக்குப் போகும். அவர் அவற்றைத் திரட்டிக் 'கட்டம்' என்ற சைக்ளோஸ்டைல் தாளாக மாதம் ஒருமுறை வாசகர்களுக்கு அனுப்புவார். கதைக்குப் பத்து மதிப்பெண், ஓவியத்துக்குப் பத்து. முந்தைய வருஷம் ஆவணியில், தேய்பிறைப் பஞ்சமியன்று, முகுந்தனின் மனைவி ஹம்ஸினி மஞ்சள் காமாலையில் இறந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. அந்த மாதமும் அவன் இரண்டு அட்டைகளையும் தவறாமல் அனுப்பினான். அவனுடைய வாக்கியங்கள் சிறுத்துவிட்டதை மட்டும் 'கட்டம்' வாசகர்கள் கவனித்தார்கள்.

ஊர் நிறம் இழந்ததை அவன் மூன்றாம் நாள்தான் கவனித்தான். அதுவும் பேருந்து நடத்துநர் வன்னியராஜ் சொல்லித்தான். ஊருக்கு வெளியே ஓடைப்பாலம் வரை எல்லாம் வண்ணத்தில் இருந்தது. பாலம் தாண்டினால் மை. "நாணற்குறிச்சி! கறுப்பு வெள்ளைலாம் எறங்குங்கய்யா" என்று வன்னியராஜ் கூவினார். இறங்கிய முகுந்தன் தன் கையைப் பார்த்தான். நரம்பு இரண்டு கோடு, நிழல் மூன்று கோடு. வீட்டுக்குப் போய்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டினான். ஐம்பத்தெட்டாவது இதழ், 'எரிமலைக் கணவாய்'. சித்திரையில் அவன் அம்பாசமுத்திரத்தில் வாங்கிய பிரதி சரியானது. கதைக்கு நான்கு மதிப்பெண் போட்டிருந்தான். மாறிய நாற்பது காமிக்ஸும் மேலப்பாளையத்துக்குப் போயிருந்தன; அலி அஸ்கருக்குக் கிடைத்தது அவற்றில் ஒன்று. கதை நடுவே திடீரென்று நின்று, பதினாறு பக்கத்துக்கு வெறும் நாளும் நட்சத்திரமும் ராகுகாலமும் ஓடிப் பிறகு துப்பாக்கி வெடிப்பதைக் கண்டு அவர் அசந்துபோனார். தமிழில் இப்படியொரு துணிச்சல் வந்ததில்லை, நாயகனின் காத்திருப்பை வாசகனும் காத்திருந்தே படிக்கிறான் என்று எழுதி ஒன்பது மதிப்பெண் கொடுத்தார். மேலப்பாளையத்தில் மீதி முப்பத்தொன்பது பேரும் அதை ஆமோதித்தார்கள். நான்கா ஒன்பதா என்று இருவரும் நான்கு மாதமாகத் தபாலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பக்கம் இரண்டு நாள் நீடித்தது. முகுந்தன் பக்கத்துக்கு இரண்டு அட்டையாக எழுதி அனுப்பத் தொடங்கினான். '34: குதிரையின் பின்னங்கால் மூட்டு தவறு. புழுதி நன்று.' '36: தூரத்தில் நிற்பவர்களுக்கு முகம் வரையப்படவில்லை. சோம்பல்.' இது உண்மை. அந்த மாதம் பத்தடிக்கு அப்பால் நின்ற யாருக்கும் கண்ணோ மூக்கோ கிடையாது. கடன்காரர்களைத் தவிர்க்க இது வசதியாக இருந்தது என்றார்கள். '37: முதல் கட்டத்தில் முழு நிலவு, மூன்றாம் கட்டத்தில் பிறை. இரண்டும் ஒரே இரவு.' ஊரில் பேசுகிறவர்களின் பேச்சு தலைக்கு மேல் குமிழியில் எழுத்தாக நின்றது. குமிழிக்கு மூன்று வரிதான் இடம். நான்காம் வரிக்குக் குரல் எழாது. கோயில் பூஜை சீக்கிரம் முடிந்தது. யாரும் வருத்தப்படவில்லை. பிள்ளையார் சதுர்த்தியன்று 39ஆம் பக்கம் நடந்தது. அந்தப் பக்கத்துக்கு முகுந்தன் எழுதியது: 'களிமண் பிள்ளையாரின் தொந்தியில் ஒரே வளைகோடு. கையெடுக்காமல் போட்டது. பத்துக்குப் பத்து.'

முகமூடிக்காரர்களைத் துரத்திக்கொண்டு ஒரு மார்ஷலும் வந்தார். நெடிய ஆள், ஒரு கையில் மட்டும் கையுறை. முகுந்தனின் மாமியார் பாகீரதி அவன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். கணவன் இல்லாதவள். ஹம்ஸினி அவளுக்கு ஒரே பெண். மகள் போனபின் இரண்டு வீட்டுச் சமையலையும் அவளே பார்த்தாள். மார்ஷல் குதிரையை அவள் வாசல் தூணில் கட்டினார்.

"ஏம்ப்பா, அங்க கட்டாதே. கோலம் போயிடும்" என்றாள் பாகீரதி.

"கொள்ளையர்கள் வடக்கே தப்பியிருக்க வேண்டும்!" என்றார் மார்ஷல். அவருக்கு அச்சிட்ட வசனம் மட்டுமே உண்டு.

"தப்பட்டும். மோர் குடிச்சுட்டுப் போ."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குடித்தார். 40ஆம் பக்கத்தில் அந்தச் செம்பு இருக்கிறது.

பாகீரதியின் கவலை வேறு. ஹம்ஸினிக்கு மாதாமாதம் செய்யவேண்டியதெல்லாம் செய்தாயிற்று. முதல் வருஷ சிராத்தம் மட்டும் பாக்கி. அது ஆவணித் தேய்பிறைப் பஞ்சமியில் நடக்கவேண்டும். நடந்தால்தான் துக்க வருஷம் முடியும். அதுவரை முகுந்தன் கோயிலுக்குப் போவதில்லை, பண்டிகை இல்லை, சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் தெரியவில்லை என்பான். மாலையில் வந்து கூடத்தில் உட்காருவான், காமிக்ஸைப் படிப்பான், அட்டை எழுதுவான். பாகீரதி அந்த ஒரு நாளை எண்ணிக்கொண்டுதான் வருஷத்தைக் கடத்தினாள். இப்போது அந்த நாள் இருக்கும் மாதமே ஊரில் இல்லை. அவள் வைத்தி வாத்தியாரைப் போய்ப் பார்த்தாள்.

"சங்கல்பத்துல மாசம் பேர் சொல்லணும் பாகீரதி. நான் என்னன்னு சொல்வேன், நாப்பத்தாறாம் பக்கம்னா?" என்றார் அவர். "ஓடைக்கு அந்தண்டை ஆவணிதான். அங்க ஒரு சத்திரத்துல பண்ணிடலாம்."

"அவளுக்கு இந்த வாசல்தான் தெரியும்."

"அப்போ அடுத்த ஆவணி."

"இன்னும் ஒரு வருஷமா? அந்தப் பிள்ளை இப்படியே சுவரைப் பாத்துண்டு உக்காந்திருக்கணுமா?" அவள் மேலும் சொல்ல வாயெடுத்தாள். மூன்று வரி முடிந்திருந்தது.

அன்று மாலை அவள் முகுந்தனிடம் சொன்னாள். அவன் சரி என்றான். எதற்குச் சரி என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அன்று அவன் எழுதிய அட்டையில், ஓவியத்துக்கான மதிப்பெண்ணுக்குக் கீழே, இரண்டு வரி கூடுதலாக இருந்தது. 'உம்முடைய ஒன்பது மதிப்பெண் பெற்ற பக்கங்கள் இந்த ஊர் ஆவணி. எனக்கு ஒரு பிரதி வேண்டும்.'

அலி அஸ்கர் அட்டையை மூன்று முறை படித்தார். பிறகு நான்கு மாதச் சண்டையில் தன் கட்சி தோற்றதை உணர்ந்து ஒரு மணி நேரம் தைக்காமல் உட்கார்ந்திருந்தார். எழுந்து மேலப்பாளையத்தில் முப்பத்தொன்பது வாசகர்களையும் போய்க் கேட்டார். தமிழின் ஒப்பற்ற இதழைப் பிரித்துக் கொடுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. பீர் மைதீன் என்ற நெசவாளி தன் பிரதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே பேசினார். "இதப் பிரிக்கச் சொல்லுதது ஒமக்கே நல்லாருக்கா? நீருதான ஒம்பது போட்டீரு?" கடைசியில் அலி அஸ்கர் தன் சொந்தப் பிரதியை எடுத்துக்கொண்டார். பிளாஸ்டிக் உறையிட்டு வைத்திருந்தது, ஒரு மடிப்பு இல்லாதது. இருபத்தேழாம் நாள் மதியப் பேருந்தில் ஓடைப்பாலம் தாண்டினார்.

"என்ன வே, எனக்குக் கோடு ஒழுங்கா விழுந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

முகுந்தன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "மூக்கு பெரிசு."

"அது ஓவியர் தப்பில்ல வே. எங்க வாப்பா தந்தது."

ஒரு பஞ்சாங்கத்தில் ஆவணியைத் திருப்பி வைத்தால் ஊருக்கே ஆவணி வந்துவிடுமோ என்று சிலருக்குப் பயம் வந்தது. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடினார்கள். பயத்துக்குக் காரணம் 48ஆம் பக்கம். முப்பத்தொன்றாம் நாளுக்குரிய அந்தப் பக்கத்தில் ஒரு ரயில் ஆற்றைக் கடக்கிறது. நாணற்குறிச்சிக்கு ரயில் கிடையாது. டீக்கடை பூதத்தான் எழுந்து நின்றார். "எங்க அப்பன் காலத்துலருந்து மனு போட்டும் வராத ரயிலு வே. வாசல் வரைக்கும் வருது. அத விட்டுக்குடுக்கவா சொல்லுதிய?" கூட்டம் கைதட்டியது. தட்டும் ஓசையும் பெரிய எழுத்தில் மண்டபத்தில் நின்றது. முகுந்தனின் வீட்டுப் பஞ்சாங்கத்தில் மட்டும் பக்கத்தை மாற்றலாம், மற்ற முப்பத்தொன்பதையும் யாரும் தொடக்கூடாது என்று முடிவாயிற்று.

மறுநாள், இருபத்தெட்டாம் நாள், 46ஆம் பக்கத்தின் இரண்டாம் பாதி. மார்ஷல் காயம்பட்டு ஆற்றுக்கு அப்பால் மணலில் கிடந்தார். அலி அஸ்கர் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு புத்தகங்களின் பின்களையும் நூலையும் எடுத்தார். தன் பிரதியிலிருந்து ஆவணியை உருவும்போது கண்ணை ஒருமுறை மூடிக்கொண்டார். ஆவணியைப் பஞ்சாங்கத்தில் செருகினார், 33 முதல் 48 வரையுள்ள பக்கங்களைத் தன் பிரதிக்குள் வைத்தார். சட்டை தைக்கும் வெள்ளை நூலால் பஞ்சாங்கத்துக்கு நான்கு தையல் போட்டார். நான்காவது தையலை இழுத்து முடிச்சுப் போட்டதும் வீட்டுக்குள் வண்ணம் வந்தது. முதலில் அடுப்பு நெருப்பு. பிறகு வாழையிலை, செம்புக் குடம், மஞ்சள், தர்ப்பை. வாசற்படியோடு அது நின்றுவிட்டது. தெரு மையாகவே இருந்தது.

பாகீரதி சமையலறையிலிருந்து சாதப் பாத்திரத்தோடு வந்தாள். மயில்கழுத்து நிறப் பட்டு உடுத்தியிருந்தாள். அது ஹம்ஸினிக்குத் தலைதீபாவளிக்கு எடுத்தது. மகளின் புடவைகளை அவள் அந்த மாதம் முழுவதும் உடுத்தி வந்தாள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்ததால் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. கணவனை இழந்தவள் அந்த நிறத்தை உடுத்துவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. வண்ணம் வந்ததை அவள் இரண்டடி நடந்த பிறகுதான் உணர்ந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். வைத்தி வாத்தியார் ஒருமுறை பார்த்துவிட்டுத் தர்ப்பையை எண்ணத் தொடங்கினார். அலி அஸ்கர் ஊசியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். முகுந்தன் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தான். வெகுநேரம் பார்த்தான்.

"நன்னாயிருக்கு" என்றான்.

"சாதம் ஆறிடும்" என்றாள் பாகீரதி. குமிழி எதுவும் வரவில்லை.

வைத்தி வாத்தியார் யுவ வருஷம் என்று தொடங்கி, ஆவணிக்குச் சிம்ம மாசம், தேய்பிறை, பஞ்சமி என்று ஒன்றுவிடாமல் சொன்னார். நான்கு வாரமாக மூன்று வரிக்கு மேல் பேசாதவர். தேவைக்கு மேல் அரை மணி நேரம் நீட்டினார். முகுந்தன் ஹம்ஸினியின் பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில் சொன்னான். மாதாமாதம் அந்தப் பெயரை வாத்தியாரே சொல்லிவிடுவார்; ஒரு வருஷத்தில் அவன் வாயால் சொன்னது அதுதான் முதல்முறை. இரண்டாம் தடவை சொல்லும்போது நின்றான். மூக்கை உறிஞ்சினான். பிறகு மீதியைச் சொல்லி முடித்தான்.

கொல்லை மதிலில் காக்கைக்குப் பிண்டம் வைத்தார்கள். காக்கை வரவில்லை. வராது. 'எரிமலைக் கணவாய்' ஓவியர் கதை முழுவதும் ஒரு காக்கை கூட வரைந்திருக்கவில்லை. கா கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாகீரதிக்குத் தொண்டை வறண்டது. காக்கை எடுக்காமல் வீட்டில் இலை போடுவதில்லை. காக்கை தொடவில்லையென்றால் போனவளுக்கு ஏதோ குறை என்று அர்த்தம். ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. அலி அஸ்கர் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, காக்கா இல்ல" என்றார். "ஆனா வேற ஒண்ணு வருது."

ஆற்றுக்கு அப்பாலிருந்து ஒரு பிணந்தின்னிக் கழுகு வந்தது. மார்ஷலுக்கு மேல் வட்டமிட்டுக்கொண்டிருந்த மூன்றில் ஒன்று. மதிலைத் தாண்டி வண்ணத்துக்குள் இறங்கியபோதும் அது மையாகவே இருந்தது. கழுத்து மொட்டை, சிறகில் ஒவ்வொரு இறகுக்கும் தனிக்கோடு. மதிலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பாகீரதியைப் பார்த்தது. அவள் வாத்தியாரைப் பார்த்தாள்.

வைத்தி வாத்தியார் விரல்விட்டு எண்ணினார். "மாசம் ஆவணி. திதி பஞ்சமி. அதுல தோஷமில்லை. பட்சி எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தா என்ன?"

கழுகு பிண்டத்தை ஒரு பருக்கை விடாமல் தின்றது. அலகை மதிலில் இருபுறமும் துடைத்தது. அந்த இடத்தில் கொஞ்சம் மை ஒட்டிக்கொண்டது. உள்ளே இலை போட்டார்கள். முகுந்தன் குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லி, இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கினான். பாகீரதி உப்பு ஜாடியை எடுத்துவந்து அவன் இலை ஓரத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். கொல்லையில் அலி அஸ்கருக்கும் இலை போட்டார்கள். அவர் பாயசத்தை மூன்று முறை வாங்கினார்.

திரும்பும் பேருந்தில் அவர் தன் பிரதியை முதலிலிருந்து படித்தார். பக்கங்கள் சரியான இடத்துக்கு வந்ததும் கதை சாதாரணமாகிவிட்டது. அடுத்த 'கட்டம்' தாளில் ஒன்பதை அடித்து நான்கு என்று திருத்தி, முகுந்தனிடம் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். பீர் மைதீனும் மற்றவர்களும் ஆறு மாதம் அவரிடம் சட்டை தைக்கக் கொடுக்கவில்லை. திருத்தத்துக்குக் கீழே ஒரு குறிப்பு இருந்தது. 'என் பிரதியில் 46ஆம் பக்கம், ஐந்தாம் கட்டத்தில் இப்போது இரண்டு கழுகுகள்தான் உள்ளன. மார்ஷல் பிழைத்துக்கொள்வதற்கு இதனால் கூடுதல் நியாயம் கிடைக்கிறது.'

முப்பத்தொன்றாம் நாள் ரயில் வந்தது. ஊரே கரையில் நின்றது. பூதத்தான் பச்சைக் கொடியாக ஒரு வாழையிலையைப் பிடித்திருந்தார். கறுப்பு வெள்ளையில் அது எந்தக் கொடியென்று ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ரயில் நிற்கவில்லை. மறுநாள் புரட்டாசி முதல் தேதி, எல்லாம் பழைய நிறத்துக்கு வந்தது. அந்த மாதம் ஊரில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கு நட்சத்திரம் கணிக்க முடியவில்லை. ஒன்றின் ஜாதகத்தில் முப்பத்தேழு என்றும் மற்றதில் நாற்பத்தொன்று என்றும் எழுதியிருக்கிறது. இருவரும் நன்றாக வளர்கிறார்கள்.

முகுந்தன் 1998இல் மறுமணம் செய்துகொண்டான். பெண் ப்ரீதா, கல்லிடைக்குறிச்சியில் பள்ளி ஆசிரியை. பாகீரதிதான் பார்த்து முடித்தாள். விமர்சன அட்டைகள் தொடர்ந்தன. அவற்றில் வாக்கியங்கள் கொஞ்சம் நீண்டிருப்பதாக வாசகர்கள் சொன்னார்கள்.

ஹம்ஸினியின் சிராத்தத்துக்கு ஒவ்வொரு வருஷமும் கழுகு வந்தது. ஊரில் காக்கைகள் நிறையவே இருந்தன. அன்று மட்டும் அவை அந்த மதிலுக்கு வருவதில்லை. 1999இல் அலி அஸ்கரும் வந்திருந்தார். கொல்லையில் இருவரும் நின்று பார்த்தார்கள்.

"எறகுல கோடு கொஞ்சம் தேஞ்சிருக்கு வே" என்றார் அலி அஸ்கர்.

"வயசாகுதுல்லா" என்றான் முகுந்தன்.

கழுகு தின்று முடித்து அலகைத் துடைத்தது. ப்ரீதா உள்ளே போய் இலைகளைப் போட்டாள்.